கடைவாசலில் கேட்ட பாட்டு

முதலில் ஒரு சின்னப் பட்டியல். (வங்கிக்காரன் புத்தி. பட்டியல் போடாமல் எதையும் ஆரம்பிக்க வராது.)

மல்லிகார்ஜுன் மன்சூர், 1910. கங்குபாய் ஹங்கல், 1913. பசவராஜ் ராஜ்குரு, 1920. பீம்சேன் ஜோஷி, 1922. குமார் கந்தர்வா, 1924.

எல்லாம் பிறந்த வருடங்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே பதினான்கே வருடம். ஐந்து பேரும் பிறந்தது நான் இப்போது வேலை பார்க்கும் இந்த ஹூப்ளியைச் சுற்றி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள். இவர்களில் நாலு பேருக்குப் பத்ம விபூஷண், ராஜ்குருவுக்குப் பத்ம பூஷண். பீம்சேன் ஜோஷிக்கு 2008-ல் பாரத ரத்னாவும் அறிவித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேருக்கும் வீட்டில் பேசும் மொழி கன்னடம். புரந்தரதாசர் பதம் பாடும் நாடு இது. ஆனால் ஐந்து பேரும் பாடியது ஹிந்துஸ்தானி. அவர்கள் சேர்ந்த கரானாக்களின் பெயர்களைப் பாருங்கள்: கிரானா, குவாலியர், ஜெய்ப்பூர்-அத்ரௌலி. எல்லாம் வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஊர்கள். தார்வாட் பக்கத்துக் கிராமத்துப் பையன் காதுக்குள் அதெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கிறோம். ரயில்வேயால் வந்தவர்கள், வங்கியால் வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள். பொங்கல், தீபாவளி என்று கூடும்போதெல்லாம் பெற்றோர்கள் நடுவே தவறாமல் ஒரு பேச்சு வரும். "உங்க பொண்ணை எந்தப் பாட்டு கிளாஸ்ல போட்டிருக்கீங்க? மாசம் எவ்வளவு? பரீட்சைக்கு அனுப்புறாங்களா?" நானும் கேட்டிருக்கிறேன், பதில் சொல்லியும் இருக்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று ஊரில் மூன்று கிளாஸ் போனாள். போன வருடம் "போதும்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு எந்தப் பாட்டின் மீதும் பெரிதாக ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு குழந்தைக்குப் பாட்டு பிடித்துப் போவது எங்கே, எப்படி நடக்கிறது?

மேலே சொன்ன ஐந்து பேர் கதையில் அதற்கு ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கதை. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை தார்வாட், பெல்காம் பகுதிகள் மைசூரோடு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அவை பம்பாய் மாகாணம். அதனால் மராத்தி நாடகக் கம்பெனிகள் இங்கே சர்வசாதாரணமாக வந்து போகும். அந்த நாடகங்களில் பாட்டுதான் பிரதானம், அதுவும் ஹிந்துஸ்தானி ராகங்களில். நம் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனி எப்படியோ, அப்படி. ரயிலும் வந்துவிட்டது. பூனா, மிரஜ், பெல்காம், தார்வாட், ஹூப்ளி என்று ஒரே தடத்தில் பாட்டுக்காரர்கள் ஏறி இறங்க வழி கிடைத்தது.

இன்னொன்று மைசூர் மகாராஜா. தசராவுக்கு வடக்கே இருந்தும் வித்வான்களை வரவழைப்பார். அப்படி மைசூர் போய்வந்தவர்களில் முக்கியமானவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 1872-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள கைரானாவில் பிறந்தவர். கிரானா கரானா என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். பிற்காலத்தில் மிரஜில் குடியேறினார். மிரஜிலிருந்து மைசூர் போகும் வழியில் தார்வாடில் தம்பி வீட்டில் தங்குவார். அந்தத் தங்கலில்தான் குந்த்கோல் ஊரைச் சேர்ந்த ராம்பாவ் என்ற பையனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். அந்த ராம்பாவ்தான் பின்னால் சவாய் கந்தர்வா என்று பெயர் வாங்கியவர். பீம்சேன் ஜோஷிக்கும் கங்குபாய்க்கும் குரு.

ஆக, ராஜா ஒருவர் அழைத்தார், ரயில் ஒன்று ஓடியது, தம்பி வீட்டில் ஒரு திண்ணை இருந்தது. வடக்கத்திப் பாட்டு இந்த மண்ணில் விழுந்தது இப்படித்தான்.

அடுத்தது கிராமபோன். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் இசைத்தட்டு வியாபாரம் சூடு பிடித்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான். மூன்று மணி நேரம் பாடுகிற வித்வான்கள் மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தை அடக்க வேண்டும். கிராமபோன் பெட்டி வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது. ஆனால் கடைக்காரர்கள் வாங்கினார்கள், கூட்டம் சேர்க்க. கடையில் பாட்டு போட்டால் தெருவுக்கே கேட்கும். காசு கொடுத்தவனுக்கும் கேட்கும், கொடுக்காதவனுக்கும் கேட்கும். ஜாதி பார்த்துக் கேட்காமல் இருக்காது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது நமக்குப் புரிவது கஷ்டம். அதுவரை நல்ல பாட்டு என்பது அரண்மனையிலும் பணக்காரர் வீட்டு விசேஷத்திலும் கோயிலிலும் இருந்தது. முதல் தடவையாக அது கடைவாசலுக்கு வந்தது.

இனி பீம்சேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கதக் பக்கம் ரோண் என்ற ஊரில் பிறப்பு. அம்மா வீட்டில் பஜனைப் பாட்டு பாடுவார். பையனுக்கு ஒரு பழக்கம்: தெருவில் பஜனை ஊர்வலமோ பாண்டு வாத்தியமோ போனால் பின்னாலேயே போய்விடுவான். போய்ப் போய், களைத்து, எங்கேயாவது படுத்துத் தூங்கிவிடுவான். வீட்டில் தேடி, கிடைக்காமல், போலீஸுக்குப் போன நாட்களும் உண்டாம். அப்பா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பையனின் சட்டையிலேயே 'ஜோஷி வாத்தியார் மகன்' என்று எழுதிவிட்டார். எங்கே தூங்கினாலும் பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடுவார்கள்!

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த அப்பாவின் மேல் மரியாதை வந்தது. அவர் கதவைப் பூட்டவில்லை. விலாசம் எழுதி அனுப்பினார்.

அந்தப் பையன் ஒருநாள் அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டான். ஜிஞ்ஜோட்டி ராகத்தில் ஒரு தும்ரி. அந்த மூன்று நிமிடம் அவனை உலுக்கிவிட்டது. இதுபோலப் பாட வேண்டும், அதற்கு ஒரு குரு வேண்டும். 1933-ல், பதினோரு வயதில், வீட்டை விட்டு ரயில் ஏறிவிட்டான். கையில் காசில்லை. கூட வந்த பயணிகள் கொடுத்ததை வைத்துக்கொண்டு குவாலியர் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து டெல்லி, கல்கத்தா என்று சுமார் மூன்று வருடம் வடக்கெல்லாம் சுற்றினான். அப்பா விடவில்லை. தேடித் தேடி கடைசியில் ஜலந்தரில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். 1936-ல் சவாய் கந்தர்வா பையனைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். அவர் இருந்த குந்த்கோல் ஹூப்ளியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். குருவுக்குத் தண்ணீர் சுமப்பது முதல் எல்லா வேலையும் செய்துதான் பாட்டுப் படித்தான்.

தேடிப் போன குரு பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறார். அது வேறு கதை. ஆனால் தேட வைத்தது அந்த மூன்று நிமிடம்.

கங்குபாய் கதை இன்னும் கனமானது.

தார்வாடில் பிறந்தவர். அம்மா அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடுபவர். அவர் பாட்டைக் கேட்க அப்துல் கரீம் கானே வீடு தேடி வருவாராம். ஆனால் பாட்டுக்காரக் குடும்பத்துப் பெண்கள் என்றால் அந்தக் காலத்தில் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து வசதியான வீட்டுத் தோட்டத்தில் மாங்காய் திருடப் போனதைக் கங்குபாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். திருடியது கூட அந்த வீட்டுக்காரர்களுக்குப் பெரிதாகப் படவில்லையாம். பாட்டுக்காரி மகள் தங்கள் தோட்டத்தில் கால் வைத்துவிட்டாளே என்பதுதான் கோபம். பிற்காலத்தில் அதே வீட்டார் அவரை விருந்துக்கு அழைத்தார்கள் என்பதையும் சொல்கிறார்.

இந்தச் சிறுமிக்கு வீட்டில் கேட்பது கர்நாடக சங்கீதம். ஆனால் தெருவில் கிராமபோன் பாடினால் ஓடிப்போய் நின்று கேட்பாள். காது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 1924-ல் காந்தி தலைமையில் பெல்காம் காங்கிரஸ் நடந்தபோது வரவேற்புப் பாடல் பாடிய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மகளின் ஆசை எங்கே போகிறது என்று அம்பாபாய் கவனித்தார். 1928-ல் மகள் ஹிந்துஸ்தானி கற்க வசதியாக இருக்கும் என்று குடும்பமே தார்வாடிலிருந்து ஹூப்ளிக்கு மாறியது. அதோடு நிற்கவில்லை. தன் கர்நாடகப் பாணி மகளின் குரலில் கலந்துவிடக் கூடாது என்று அம்பாபாய் தான் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். 1932-ல் இறந்தும் போனார்.

இதை ஒரு தாயின் தியாகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. அப்துல் கரீம் கான் வாசல் தேடி வந்து கேட்ட ஒரு குரல், ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கிப் போனது. மகள் பெரிய பாடகி ஆனார். சவாய் கந்தர்வாவிடம் கற்க ஹூப்ளியிலிருந்து குந்த்கோலுக்கு ரயிலில் போய்வருவார், தெருவில் கேலி பேசுபவர்களைத் தாண்டி நடப்பார். 2009-ல், தொண்ணூற்றாறு வயதில் காலமாகும் வரை ஹூப்ளிக்காரர்களுக்கு அவர் வீட்டு மனுஷி. 2002-ல் பத்ம விபூஷண். எல்லாம் சரி. அம்பாபாய் எப்படிப் பாடினார் என்று மட்டும் இன்று நாம் கேட்க முடியாது.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

மல்லிகார்ஜுன் மன்சூரைப் பிடித்துக்கொண்டது நாடகம். தார்வாட் பக்கத்தில் மன்சூர் என்ற கிராமம். அண்ணன் பசவராஜ் நாடகக் குழு வைத்திருந்தார். ஒன்பது வயதில் தம்பிக்குச் சின்ன வேஷம். மேடையில் அந்தப் பிள்ளை பாடியதைக் கேட்டுத்தான் அப்பய்ய சுவாமி என்ற வித்வான் முதலில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மிரஜில் நீலகண்ட புவாவிடம் குவாலியர் பாணி, அதன் பின் மஞ்சி கான், புர்ஜி கானிடம் ஜெய்ப்பூர்-அத்ரௌலி பாணி. கடைசியில் அபூர்வ ராகங்களின் களஞ்சியமாக ஆன மனிதரின் ஆரம்பம், அண்ணன் நாடகத்தில் ஒரு பொடியன் வேஷம்.

பசவராஜ் ராஜ்குரு கதையில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அவருடைய அப்பா தஞ்சாவூரில் பயிற்சி பெற்ற கர்நாடக வித்வான்! மகனுக்கு முதல் பாடம் அந்த அப்பாவிடம்தான். (பட்டுக்கோட்டைக்காரனான எனக்கு இதைப் படித்தபோது ஒரு இன்ச் வளர்ந்த மாதிரி இருந்தது :-)) பையனுக்கு நாடகப் பைத்தியமும் உண்டு. பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். அப்புறம் கதக்கைச் சேர்ந்த பஞ்சாக்ஷரி கவாய் அவரைக் கண்டெடுத்தார். பஞ்சாக்ஷரி கவாய் கண் பார்வை இல்லாதவர். பார்வையில்லாத, ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டுப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். கதக்கில் அந்த வீரேஸ்வர புண்யாஸ்ரமம் இன்றும் நடக்கிறது. 1936-ல் விஜயநகரப் பேரரசின் அறுநூறாவது ஆண்டு விழா ஹம்பியில் நடந்தபோது ராஜ்குரு முதல் கச்சேரி பாடினார். தபலா வாசித்தது யார் தெரியுமா? குரு பஞ்சாக்ஷரி கவாயே!

குமார் கந்தர்வாவின் இயற்பெயர் சிவபுத்ரா. பெல்காம் பக்கம் சூளெபாவி கிராமம். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காமலே, ஆறேழு வயதில் இசைத்தட்டில் கேட்டதை அப்படியே, மூச்சு இழுக்கும் இடம் உட்பட, திருப்பிப் பாடிய பிள்ளை. மடாதிபதி ஒருவர் கேட்டு வியந்து கொடுத்த பட்டம்தான் குமார் கந்தர்வா. 1936-ல் பம்பாயில் பி. ஆர். தேவ்தர் நடத்திய இசை மாநாட்டில் பாடியபோது வயது பதினொன்றோ பன்னிரண்டோதான். பிறகு அவரிடமே சிஷ்யனாகச் சேர்ந்தார். 1940-களின் கடைசியில் காசநோய். மத்தியப் பிரதேசத்து தேவாஸில் போய்க் குடியிருந்தார். பாடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், தெருவில் போகும் மால்வா கிராமத்து ஜனங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து பாட ஆரம்பித்தபோது அந்த நாட்டுப்புறப் பாட்டுகளிலிருந்து புது ராகங்களே உண்டாக்கினார். சின்ன வயதில் கேட்டுப் பழகிய காது, நோயிலும் வேலையை நிறுத்தவில்லை.

இப்போது ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து பேருக்கும் குரு உண்டு, கடுமையான பயிற்சி உண்டு. அதில் சந்தேகமில்லை. ஆனால் எவருக்கும் அது முதல் படி இல்லை. முதல் படி தற்செயலாகக் காதில் விழுந்த பாட்டு. பஜனை ஊர்வலம், அண்ணன் நாடகம், தெருவில் கிராமபோன், அம்மாவின் குரல், அப்பாவின் பாடம். ஆசை முதலில் வந்தது, கிளாஸ் பின்னால் வந்தது. நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது. வீடு நிசப்தமாக இருக்கிறது, ஆளுக்கொரு இயர்போன் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் மட்டும் பாட்டு.

நீங்கள் கேட்கலாம்: "அதே கடைவாசலில் ஆயிரம் பையன்கள் நின்றார்களே, எல்லோரும் பீம்சேன் ஆனார்களா?" நியாயமான கேள்வி. ஆகவில்லைதான். ஆனால் மீதி 999 பேர் என்ன ஆனார்கள்? அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளோடுதான் நான் வேலை பார்க்கிறேன்.

எங்கள் கிளையில் ஒரு அட்டெண்டர் இருந்தார், இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். அவரிடம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் டப்பாவை மூடாமலே, "முல்தானி சார். மதியத்துக்குச் சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். எங்கே கற்றீர்கள் என்றால், கற்கவே இல்லை என்கிறார். அவருடைய அப்பா குந்த்கோலில் ராத்திரி முழுக்க நடக்கும் இசை விழாவுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். சவாய் கந்தர்வா நினைவாக அந்த ஊர்ப் பழைய வாடாவில் நடக்கும் விழா அது. பாதித் தூக்கத்தில் கேட்டதுதான் அவருக்குப் பாடம். 1950-ல் ஆரம்பித்த தார்வாட் ஆகாசவாணி மீதியைப் பார்த்துக்கொண்டது.

அவர் ஒரு வரி பாட மாட்டார். ஆனால் அவர் வாழ்க்கையில் அறுபது வருடமாகப் பாட்டு இருக்கிறது. பெண் கல்யாணக் கடன், மனைவிக்கு ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. நான் என் மகளுக்கு ஆசைப்படுவது அதைத்தான். மேடை வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம். நாற்பது வயதில் ஒரு மோசமான நாளின் முடிவில் வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்க அவளுக்கென்று ஒரு பாட்டு இருக்க வேண்டும்.

இது தார்வாட் மண்ணின் அதிசயம் மட்டும் இல்லை. நம் ஊரிலும் இப்படித்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் மதுரையில் பிறந்தபோது வீட்டில் அம்மா சண்முகவடிவு வீணை வாசித்துக்கொண்டிருந்தார், பாட்டி அக்கம்மாள் வயலின். பத்து வயதில், 1926-ல், முதல் இசைத்தட்டு. இளையராஜா பதினாலு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக ஆரம்பித்தவர். கிளாஸுக்கு முன்னால் வீடும் தெருவும் இருந்திருக்கின்றன.

நம் தலைமுறை மட்டும் என்ன? 1980-களில் பட்டுக்கோட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு டைலர் கடை. காலையில் ஷட்டர் திறக்கும்போது ஓட ஆரம்பிக்கும் ரேடியோ ராத்திரி மூடும் வரை நிற்காது. திருச்சி வானொலி, இலங்கை வானொலி, இரண்டுக்கும் நடுவே முள்ளைத் திருகுவதுதான் அவருக்கு ஓய்வு. பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டு நின்ற நேரத்தில் நான் கேட்டதெல்லாம் இன்றைக்கும் இருக்கிறது. மார்கழியில் விடிகாலைக் கோயில் ஸ்பீக்கர். கல்யாண வீட்டுப் பந்தலில் காருகுறிச்சியார் நாதஸ்வர கேசட். கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய அறுபது நிமிட கேசட். ஒன்றுக்கும் நான் ஃபீஸ் கட்டவில்லை. பி.காம். படித்ததற்குக் கட்டிய ஃபீஸ் எனக்குச் சோறு போடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டைலர் கடை போட்டுக் கொடுத்த டெபாசிட்டுக்கு இன்னும் வட்டி வந்துகொண்டிருக்கிறது.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு இல்லை. ஹூப்ளியில் என் மகளுக்குத் தமிழ்ப் பாட்டு தற்செயலாகக் காதில் விழ ஒரு இடமும் கிடையாது. கடையில் கன்னடமோ ஹிந்தியோ பாடும். (அதுவும் விழட்டும், நல்லதுதான்.) ஆனால் தமிழ் விழ வேண்டும் என்றால் அது வீட்டுக்குள் மட்டும்தான்.

இங்கேதான் அம்பாபாயிடம் திரும்ப வருகிறேன்.

என் அம்மாவுக்கு எழுபத்தொன்று வயது. அப்பா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியும், பாட்டு முறையாகத் தெரியாது. ஆனால் தாலாட்டு, கும்மி, மாரியம்மன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு என்று நாற்பதாவது இருக்கும். கீரை ஆயும்போது, பூ கட்டும்போது தானாக வரும். எங்கேயும் எழுதி வைக்காதவை. அதில் சில, அவர் அம்மா ஊரில் நடவு நட்டபோது பாடியவை.

மகள் எட்டாம் வகுப்புக்கு வந்து, சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததிலிருந்து அம்மா பாடுவதில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவராக நிறுத்திக்கொண்டார். என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, அத்தை இப்பல்லாம் பாடறதே இல்ல, பாத்தீங்களா?" என்றாள். அம்மாவிடம் கேட்டால், "புள்ள படிக்கட்டும்ப்பா. நான் பாடி என்ன ஆவப் போவுது?" என்று கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

அம்பாபாய் நிறுத்தியதும் பிள்ளைக்காகத்தான். அந்தப் பிள்ளைக்குக் கேட்க அப்துல் கரீம் கான் இருந்தார், கிராமபோன் இருந்தது, சவாய் கந்தர்வா இருந்தார். என் மகளுக்கு அம்மாவை விட்டால் வேறு யார்? அம்மாவுக்கு இப்போதே சில பாட்டுகளில் நடு வரிகள் மறக்கின்றன. இன்னும் இரண்டு வருடம் பாடாமல் இருந்தால் மீதியும் போய்விடும். யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். தாலாட்டு இருக்கும். எங்கள் ஊர்த் தாலாட்டு, எங்கள் அம்மா குரலில், 'பட்டுக்கோட்டை' என்று நடுவில் நுழைத்துப் பாடியது இருக்காது.

என் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மகளுக்கு வீட்டுப்பாடம் சமையலறை மேஜையில். அத்தைக்குக் காய் நறுக்கும் வேலையும் அங்கேயே. பாடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ரெக்கார்ட் செய்ய போனை நீட்டுவதும் இல்லை (நீட்டினால் அம்மா வாயை மூடிக்கொள்வார், சோதித்துப் பார்த்தாகிவிட்டது). முதல் பத்து நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் முனகல். போன வாரம் மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பாயி, அந்த வார்த்தை என்ன? திரும்பச் சொல்லு" என்றாளாம். குரவை என்பது அந்த வார்த்தை. அம்மா குரவை போட்டே காட்டியிருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்தார்களாம்.

இதனால் என் மகளுக்குப் பாட்டில் ஆசை வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது என் கையில் இல்லை. காதில் விழ வைப்பது மட்டும்தான் நம் வேலை.

கடைசியாக ஒன்று. இந்தக் கதை முழுக்க வந்துகொண்டே இருந்த அப்துல் கரீம் கான், தியாகராஜர் கீர்த்தனையையும் பாடி இசைத்தட்டு கொடுத்தவர். நம் சங்கீதத்தை அவ்வளவு விரும்பிக் கேட்டவர். 1937 அக்டோபரில் சென்னை வந்தார். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது வழியில் நெஞ்சு வலி. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கேயே காலமானார். உடலை மிரஜுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அங்கே வருடா வருடம் அவர் நினைவாக இசை விழா நடக்கிறது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் தினமும் பலமுறை நின்று போகும் ஸ்டேஷன் அது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்களும் அந்த வழியாகத்தான் போவீர்கள். நாங்கள் இந்த வருடம் சென்னையில் ஒருநாள் தங்கி, அந்த ஸ்டேஷனில் இறங்குவதாக இருக்கிறோம். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஜிஞ்ஜோட்டி இசைத்தட்டை இயர்போன் இல்லாமல் போனில் சத்தமாகப் போடுவோம். மூன்று நிமிடம்தான். பிளாட்பாரத்தில் யாருடைய பிள்ளை காதில் விழுமோ, யார் கண்டது!